மெல்ல அசையும் கைகள்: தாய்ச்சி, சிகோங் வரலாறும் முதியோர் நலமும்



தைப்பிங் ஏரிப் பூங்காவுக்கு விடியற்காலையில் சென்றவர்கள் இந்தக் காட்சியைக் கண்டிருப்பார்கள். மழைமரங்களின் நிழலில் சீன முதியவர்கள் வரிசையாக நிற்பர். சிறிய வானொலிப் பெட்டியில் இசை ஒலிக்கும். அனைவரும் ஒரே நேரத்தில் கைகளை உயர்த்தி, மெல்ல இறக்கி, ஒரு காலை முன்வைத்து, உடலைத் திருப்புவர். அவசரம் என்பதே இராது.

ஈராண்டுகளுக்கு முன்புவரை நானும் அதனை வேடிக்கையாகப் பார்த்துக் கடந்து சென்றவன்தான். என் தாயார் குளியலறையில் வழுக்கி விழுந்த பிறகே அதனை நின்று பார்த்தேன்.

அம்மாவுக்கு அப்போது அகவை 71. இளமையில் தோட்டப்புறத்தில் பால்மரம் வெட்டியவர். இரண்டு வாளிப் பாலைச் சுமந்துகொண்டு மேட்டிலும் பள்ளத்திலும் ஏறி இறங்கியவர். மணிக்கட்டில் ஏற்பட்ட முறிவு சில வாரங்களில் கூடிவிட்டது. மனத்தில் புகுந்த அச்சம் மட்டும் விலகவில்லை. வீட்டுக்குள்ளேயே சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். கோயிலுக்குச் செல்வதையும் நிறுத்திவிட்டார். அந்நிலையில் பக்கத்து வீட்டுச் சீன மூதாட்டி ஒரு நாள் எங்கள் வாசலில் வந்து நின்று, "ஈக்குட் சாயா, பெலான்-பெலான்" என்று மலாயில் அழைத்தார். என்னோடு வா, மெல்ல மெல்ல என்பது அதன் பொருள்.

"இந்த வயசுல எனக்கு எதுக்குப்பா சீனவங்களோட சண்டைக் கலை?" என்று அம்மா என்னைக் கேட்டார்.

அதே வாரம் வகுப்பில் இதனைச் சொன்னபோது, ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, அதைக் கண்டுபிடிச்சவரு நம்ம போதிதர்மருதானே?" என்று கேட்டான். இரு கேள்விகளுக்கும் அன்று என்னிடம் சரியான விடை இல்லை. அவற்றுக்கு விடை தேடிப் படித்ததன் பயனே இக்கட்டுரை.

பெயர்களின் பொருள்

முதலில் பெயர்களைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். தாய்ச்சி என்று நாம் சுருக்கமாக அழைக்கும் கலையின் முழுப்பெயர் தாய்ச்சி சுவான் என்பதாகும். 'தாய்ச்சி' என்பது இன், யாங் எனும் இரண்டும் தோன்றுவதற்கு மூலமான முழுமுதல் நிலையைக் குறிக்கும் சீனத் தத்துவச் சொல். 'சுவான்' என்றால் முட்டி, அதாவது கைக்குத்து. ஆகவே அம்மா கேட்டது தவறன்று. பெயரிலேயே சண்டை இருக்கிறது.

சிகோங் என்பது வேறு. அதிலுள்ள 'சி' மூச்சையும் உயிராற்றலையும் குறிக்கும். 'கோங்' என்பது உழைத்துப் பெறும் தேர்ச்சி. தாய்ச்சியில் வரும் 'ச்சி'யும் சிகோங்கில் வரும் 'சி'யும் தமிழில் ஒன்றுபோல் ஒலித்தாலும், சீனத்தில் அவை வெவ்வேறு எழுத்துகள், வெவ்வேறு சொற்கள். நம்மில் பலர் இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதிக் குழம்புவதுண்டு.

பட்டுத்துணியில் 44 உருவங்கள்

மூச்சையும் உடலசைவையும் இணைத்து நலம் பேணும் வழக்கம் சீனத்தில் மிகப் பழமையானது. கரடியைப் போலவும் பறவையைப் போலவும் உடலை நீட்டி நீண்ட ஆயுளை நாடியோரைப் பற்றிச் 'சுவாங்சி' எனும் பழைய நூல் குறிப்பிடுகின்றது.

இதற்கான தெளிவான சான்று 1973ஆம் ஆண்டில் கிடைத்தது. ஹூனான் மாநிலத்தின் சாங்ஷா நகருக்கு அருகில், மாவாங்துய் எனும் இடத்தில் உள்ள மூன்றாம் கல்லறையை அகழ்ந்தபோது, வண்ணம் தீட்டிய பட்டுத்துணி ஒன்று சிதைந்த நிலையில் கண்டெடுக்கப்பட்டது. அக்கல்லறை மூடப்பட்டது கி.மு. 168ஆம் ஆண்டில். துணியில் 44 மனித உருவங்கள் நான்கு வரிசைகளாக வரையப்பட்டுள்ளன. ஆண்களும் உள்ளனர், பெண்களும் உள்ளனர். இளையோரும் முதியோரும் உள்ளனர். ஒருவர் கையில் நீண்ட கோல் இருக்கிறது. சில உருவங்களின் அருகே விலங்குகளின் பெயர்களும், வேறு சிலவற்றின் அருகே நோய்களின் பெயர்களும் எழுதப்பட்டுள்ளன. அவற்றுள் ஒன்று முழங்கால் வலி!

இன்று நம் தாய் தந்தையர் முனகும் அதே முழங்கால் வலிக்கு 2,100 ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் படம் வரைந்து பயிற்சி சொல்லியிருக்கிறார் என்பது வியப்பளிக்கின்றது. அப்பயிற்சிகளுக்கு அன்று 'தாவோயின்' என்று பெயர். வழிப்படுத்தி நீட்டுதல் என்று அதற்குப் பொருள் கூறலாம்.

அதன்பின் வந்தவர் ஹுவா துவோ எனும் மருத்துவர். ஹான் ஆட்சியின் இறுதிக் காலத்தில் வாழ்ந்த இவர், புலி, மான், கரடி, குரங்கு, பறவை ஆகிய ஐந்தின் அசைவுகளைக் கொண்டு ஒரு பயிற்சியை அமைத்தார். அடிக்கடி அசையும் கதவின் சுழல்தண்டு உளுத்துப் போவதில்லை என்பதை உவமையாகக் காட்டி அதனைத் தம் மாணவர் வூ பூவுக்கு விளக்கினாராம். வூ பூ தொண்ணூறு அகவை கடந்தும் கண்ணும் காதும் பல்லும் பழுதின்றி வாழ்ந்ததாக வரலாற்று நூல் கூறுகின்றது. ஹுவா துவோவுக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை. கி.பி. 208ஆம் ஆண்டளவில் அதிகாரம் மிக்க தலைவர் சாவ் சாவின் ஆணையால் அவர் கொல்லப்பட்டார்.

சோங் ஆட்சிக் காலத்தில் எட்டு அசைவுகளைக் கொண்ட 'பாதுவான்சின்' எனும் பயிற்சி தோன்றியது. எட்டுத் துண்டுப் பட்டாடை என்பது அப்பெயரின் பொருள். இன்றும் முதியோர் மிகுதியாகப் பயில்வது இதுவே.

மாணவனின் கேள்விக்கு விடை

இனி, போதிதர்மரைப் பற்றிக் காண்போம். காஞ்சிபுரத்துப் பல்லவ இளவரசர் ஒருவர் சீனம் சென்று கலைகளைக் கற்பித்தார் என்ற கதை நம்மிடையே பரவலாக உள்ளது. 2011இல் வெளிவந்த '7ஆம் அறிவு' திரைப்படத்திற்குப் பிறகு அது பிள்ளைகளின் மனத்தில் வரலாறாகவே பதிந்துவிட்டது.

பழைய சான்றுகள் என்ன கூறுகின்றன? கி.பி. 547ஆம் ஆண்டளவில் யாங் சுவான்சி எழுதிய லோயாங் நகர மடங்களைப் பற்றிய நூல் போதிதர்மரைப் பாரசீக நாட்டவர் என்கிறது. அதே நூற்றாண்டைச் சேர்ந்த தான்லின் என்பவர், அவர் தென்னிந்திய அரசர் ஒருவரின் மூன்றாம் மகன் என்கிறார். இரண்டிலும் போர்க்கலையைப் பற்றியோ உடற்பயிற்சியைப் பற்றியோ ஒரு சொல்லும் இல்லை. அவர் தியான நெறியின் ஆசானாக மட்டுமே அறிமுகமாகின்றார்.

பிறகு இக்கதை எங்கிருந்து வந்தது? 'ஈ சின் சிங்' எனும் உடற்பயிற்சி நூல் போதிதர்மர் அருளியதாகச் சொல்லப்படுவதுண்டு. ஆனால் அந்நூல் 17ஆம் நூற்றாண்டளவில், அதாவது அவர் காலத்திற்கு ஏறத்தாழ 1,100 ஆண்டுகளுக்குப் பின் எழுதப்பட்டதாகும். அதன் முன்னுரை முன்னொரு காலத்துப் படைத்தலைவரின் பெயரில் பின்னாளில் புனையப்பட்டது என்பதைச் சிங் ஆட்சிக் கால அறிஞர் லிங் திங்கானே எடுத்துக்காட்டிவிட்டார்.

சீனர்கள் தங்கள் பங்கிற்கு ஒரு கதை வைத்திருக்கின்றனர். வூதாங் மலையில் வாழ்ந்த சாங் சன்ஃபெங் எனும் துறவி, பாம்பும் பறவையும் சண்டையிடுவதைக் கண்டு தாய்ச்சியைப் படைத்தார் என்பது அக்கதை. இவ்விரு கதைகளையும் ஒருசேர ஆராய்ந்தவர் தாங் ஹாவ் எனும் சீன வழக்கறிஞர். 1930ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட நூல், போதிதர்மரும் போர்க்கலையை உருவாக்கவில்லை, சாங் சன்ஃபெங்கும் உருவாக்கவில்லை என்று நிறுவியது. தம் இனத்தின் பெருமைக்குரிய கதையையும் அயலாரின் கதையையும் ஒரே தராசில் நிறுத்தினார் அவர். வரலாறு கற்பிக்கும் நமக்கு இதைவிடச் சிறந்த பாடம் வேறு உண்டா?

ஆகவே மாணவனுக்கு நான் கூறிய விடை இதுதான்: "தம்பி, போதிதர்மரைப் போற்றுவோம். ஆனால் அவர் செய்யாத ஒன்றுக்காகப் போற்ற வேண்டியதில்லை." அவன் முகம் சற்று வாடியது உண்மை.

சென் குடும்பத்தின் கலை

தாங் ஹாவ் அத்துடன் நிற்கவில்லை. ஹெனான் மாநிலத்தின் வென் மாவட்டத்தில் உள்ள சென்சியாகோ எனும் சிற்றூருக்கே நேரில் சென்றார். குடும்ப ஏடுகளையும் பழைய குறிப்புகளையும் புரட்டினார். 17ஆம் நூற்றாண்டில், மிங் அரசு வீழ்ந்த காலத்தில் வாழ்ந்த சென் வாங்திங் எனும் வீரரே இக்கலையின் முன்னோடி என்ற முடிவுக்கு வந்தார். 16ஆம் நூற்றாண்டின் படைத்தலைவர் சி சிகுவாங் தம் படைப்பயிற்சி நூலில் விளக்கிய 32 நிலைகளுள் பெரும்பாலானவை சென் குடும்பத்தின் பயிற்சியிலும் இருப்பதை அவர் எடுத்துக்காட்டினார். இம்முடிவை ஏற்காதோரும் உண்டு. ஆயினும் ஏடுகளைக் கொண்டு எட்டப்பட்ட முடிவு என்பதால் இதற்கு மதிப்பு அதிகம்.

சென் பாணியில் மெதுவான அசைவுகளோடு திடீர் வேகமும், தாவலும், தரையை ஓங்கி மிதித்தலும் உண்டு. அம்மாவைப் போன்ற ஒருவர் அதனைச் செய்ய இயலாது.

போர்க்கலை மருந்தான கதை

19ஆம் நூற்றாண்டில் யாங் லூச்சான் (1799–1872) என்பவர் ஹெபெய் மாநிலத்திலிருந்து வந்து, சென் சாங்சிங்கிடம் இக்கலையைப் பயின்றார். பின்னர்ப் பெய்ஜிங் சென்று மஞ்சு இனப் பிரபுக்களுக்கும் காவற்படையினருக்கும் கற்பித்தார். குடும்பத்துக்குள் இருந்த கலை இவ்வாறு வெளியே வந்தது.

அதே நூற்றாண்டில் துப்பாக்கியும் பீரங்கியும் போரின் போக்கை மாற்றிவிட்டன. கைக்குத்தின் தேவை குறைந்தது. சீனம் பல போர்களில் தோற்றது. நலிந்த உடலே நாட்டின் நலிவுக்குக் காரணம் எனச் சீன அறிஞர் பலர் கருதத் தொடங்கினர். எனவே போர்க்கலைகள் உடற்கல்வியாக மறுபிறவி எடுத்தன. 1910களில் பெய்ஜிங்கில் சூ யுசெங் நிறுவிய உடற்கல்வி ஆய்வுக் கழகத்தில் தாய்ச்சி ஆசான்கள் பொதுமக்களுக்கு வெளிப்படையாகக் கற்பித்தனர்.

அவர்களுள் ஒருவர் யாங் லூச்சானின் பேரனான யாங் செங்ஃபூ (1883–1936). தாவலையும் மிதியையும் திடீர் வேகத்தையும் நீக்கி, தொடக்கம் முதல் முடிவுவரை ஒரே சீரான மெதுவான ஓட்டமாக அவர் இக்கலையை அமைத்தார். நாம் இன்று பூங்காக்களில் காணும் வடிவம் பெரும்பாலும் இவருடையதே. அந்த மெதுவோட்டம் தொன்மையானது என்று நாம் எண்ணுகிறோம். அஃது ஏறத்தாழ நூறாண்டுக்கு முன்பு, எல்லாரும் செய்ய வேண்டும் என்பதற்காக வேண்டுமென்றே செய்யப்பட்ட மாற்றம்.

1956ஆம் ஆண்டில் சீன அரசின் விளையாட்டு ஆணையம் யாங் பாணியைச் சுருக்கி 24 நிலைகள் கொண்ட எளிய வடிவத்தை வெளியிட்டது. ஆறு நிமிடங்கள் அளவில் செய்து முடிக்கக்கூடிய இவ்வடிவமே உலகெங்கும் பரவியது.

நம் மண்ணில் தாய்ச்சி

யாங் செங்ஃபூவின் மாணவருள் ஒருவர் செங் மான்சிங் (1902–1975). இளமையில் காசநோயால் துன்புற்று, உடல்நலம் நாடியே தாய்ச்சிக்கு வந்தவர். 1949இல் தைவான் சென்று, 37 நிலைகளாகச் சுருக்கிய வடிவத்தைக் கற்பித்தார்.

அவரிடம் பயின்ற ஹுவாங் சிங்சியான் (1910–1992) 1950களின் பிற்பகுதியில் சிங்கப்பூர் வந்தார். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பல பயிற்சிக் கூடங்களைத் தோற்றுவித்தார். 1970ஆம் ஆண்டில் சரவாக்கின் கூச்சிங் நகரில் மல்யுத்த வீரர் லியாவ் குவாங்செங்குடன் அவர் மோதிய போட்டி மிகவும் பெயர்பெற்றது. எதிராளியை 26 முறை வீழ்த்திய அவர் ஒரு முறைகூட விழவில்லை. அப்போது அவருக்கு அகவை 60! விழாமல் நிற்பதுதான் தாய்ச்சியின் உயிர்நாடி என்பதற்கு இதைவிட எடுத்துக்காட்டு வேண்டுமா?

சிகோங் எனும் புதுப்பெயர்

சிகோங்கின் வரலாறும் இதைப் போன்றதே. பயிற்சிகள் பழமையானவை. ஆனால் அவை அனைத்தையும் அப்பெயரால் அழைப்பது 1949ஆம் ஆண்டுக்குப் பிந்திய வழக்கம். லியூ குய்சென் எனும் இளம் அரசியல் ஊழியர் வயிற்றுப் புண்ணால் வருந்தி, 1947இல் ஊருக்குத் திரும்பினார். முதியவர் ஒருவரிடம் மூச்சுப் பயிற்சி கற்று, 102 நாள்கள் செய்து, நலம்பெற்றார் என்பர். 1950களின் நடுவில் தாங்ஷான் நகரிலும் பெய்தாய்ஹே கடற்கரையிலும் அவர் தலைமையில் சிகோங் மருத்துவ இல்லங்கள் தோன்றின. பண்பாட்டுப் புரட்சிக் காலத்தில் அவை மூடப்பட்டன. 1970களில் குவோ லின் எனும் ஓவியர், தாம் புற்றுநோயால் பட்ட துன்பத்திற்குப் பின் வகுத்த நடைப்பயிற்சியைப் பெய்ஜிங் பூங்காக்களில் கற்பிக்கலானார்.

1980களில் சிகோங் மோகம் சீனத்தை ஆட்டிப் படைத்தது. தொடாமலேயே நோய் தீர்ப்போம் என்று கூறிக்கொண்டோர் பலர் தோன்றினர். அந்த மிகைக் கூற்றுகளால் நல்ல பயிற்சிக்கும் அவப்பெயர் உண்டானது. பின்னர், 2003ஆம் ஆண்டளவில் சீன அரசு பாதுவான்சின், ஐவிலங்குப் பயிற்சி, ஈ சின் சிங், ஆறு ஒலிப் பயிற்சி ஆகிய நான்கையும் ஒழுங்குபடுத்தி வெளியிட்டது.

ஆய்வுகள் கூறுவன

என் தாயார் ஒருவரின் அனுபவம் சான்றாகாது. ஆகவே ஆய்வுகளைக் காண்போம்.

1. 1996ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் ஸ்டீவன் வுல்ஃப் குழுவினர் 70 அகவையும் அதற்கு மேலும் ஆன 200 பேரை ஆராய்ந்தனர். 108 நிலைகளிலிருந்து வடித்தெடுத்த 10 அசைவுகளை 15 வாரங்கள் பயின்றோரிடம், பலமுறை விழும் வாய்ப்பு 47.5 விழுக்காடு குறைந்தது.

2. 2005ஆம் ஆண்டில் ஃபுசோங் லீ குழுவினர் 70 முதல் 92 அகவைக்குட்பட்ட 256 பேரைக் கொண்டு ஆறு மாதங்கள், வாரம் மூன்று முறை பயிற்சி நடத்தினர். தாய்ச்சிக் குழுவில் 38 முறை விழுதல் நேர்ந்தது. வெறும் நீட்சிப் பயிற்சி செய்த குழுவில் 73 முறை நேர்ந்தது.

3. 2012ஆம் ஆண்டில் அவரே பார்க்கின்சன் நோயாளிகள் 195 பேரிடம் நடத்திய ஆய்வில், தாய்ச்சி பயின்றோரின் உடற்சமநிலை மேம்பட்டது.

4. 2016ஆம் ஆண்டில் முழங்கால் மூட்டுத் தேய்வு உள்ள 204 பேரிடம் நடந்த ஆய்வில், தாய்ச்சியின் பயன் இயன்முறை மருத்துவத்தின் பயனுக்கு ஒப்பாக இருந்தது. மாவாங்துய் பட்டுத்துணியை இங்கு நினைத்துக்கொள்ளலாம்.

5. 2019ஆம் ஆண்டில் காக்ரேன் அமைப்பு பல ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியது. தாய்ச்சி செய்வோரிடையே விழுவோர் எண்ணிக்கை ஏறத்தாழ 20 விழுக்காடு குறைகிறது என்பது அதன் முடிவு.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 2003ஆம் ஆண்டில் வுல்ஃப் குழுவினர் ஏற்கெனவே உடல் நலியத் தொடங்கிய முதியோர் 311 பேரிடம் 48 வாரங்கள் பயிற்சி நடத்தியபோது, விழுதல் உறுதியாகக் குறைந்தது எனச் சொல்லும் அளவுக்கு வேறுபாடு கிடைக்கவில்லை. ஆகவே உடல் முற்றும் தளர்ந்த பின் தொடங்குவதைவிட முன்னரே தொடங்குவது நன்று எனக் கொள்ளலாம். சிகோங்கைப் பொறுத்தவரை, குருதியழுத்தம், தூக்கம் ஆகியவற்றில் நற்பயன்கள் கூறப்பட்டாலும், சான்றுகள் தாய்ச்சி அளவுக்கு வலுவானவை அல்ல.

இப்பயன் எவ்வாறு விளைகிறது? மாயம் ஏதுமில்லை. நாம் நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் சிறிது நேரம் ஒற்றைக் காலில் நிற்கிறோம். முதுமையில் அந்த நொடியில்தான் தடுமாற்றம் நேர்கிறது. தாய்ச்சி அந்த நொடியை நீட்டுகிறது. ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு எடையை மெல்ல மாற்றுதல், குதிகாலை முதலில் ஊன்றுதல், முழங்காலைச் சற்றே மடக்கி நிற்றல், உடலைத் திருப்பும்போதும் நிலைகுலையாதிருத்தல் ஆகியவற்றை அது திரும்பத் திரும்பப் பழக்குகிறது. தொடைத் தசை வலுப்பெறுகின்றது. கணுக்காலின் உணர்வு கூர்மையாகின்றது. போரில் எதிராளி தள்ளினால் விழாதிருக்க வகுத்த பாடம், குளியலறையில் விழாதிருக்க உதவுகிறது.

தொடங்க விரும்புவோர் முதலில் மருத்துவரிடம் கலந்துகொள்ளுங்கள். உண்ணும் மருந்துகளை நிறுத்தாதீர்கள். தொடக்கத்தில் அருகில் ஒரு நாற்காலி இருக்கட்டும். முழங்கால் வலித்தால் குறைவாக மடக்குங்கள்.

நிறைவாக

2020ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ அமைப்பு தாய்ச்சியை மானுடத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. சிறப்புத்தான். ஆனால் இக்கலை முதியோருக்கு உதவுவது அது பழமையானது என்பதனால் அன்று. ஒவ்வொரு தலைமுறையும் அதனைத் தன் தேவைக்கேற்பத் துணிந்து மாற்றியதனால்தான். படைவீரனின் கலை ஊராரின் கலையாகி, அரண்மனைக் கலையாகி, பள்ளிக் கலையாகி, இறுதியில் முதியவர்களின் கைகளுக்கு வந்து சேர்ந்தது. மாற்ற மறுத்துப் பூட்டி வைத்திருந்தால் அது சென்சியாகோவைத் தாண்டியிராது.

அம்மா இப்போது வாரம் மூன்று நாள் பக்கத்து வீட்டு மூதாட்டியோடு செல்கிறார். 24 நிலைகளில் பதினொன்று தெரியுமாம். மாடிப்படி ஏறும்போது இன்னமும் கைப்பிடியைப் பற்றிக்கொள்கிறார். ஆனால் வீட்டுச் சுவரைப் பிடிப்பதில்லை. சென்ற தைப்பூசத்தன்று கோயில் வாசலில் நான் கையை நீட்டியபோது, "இருப்பா, நானே வர்றேன்" என்றார்.

உங்கள் வீட்டிலும் சுவரைப் பிடித்து நடக்கும் முதியவர் ஒருவர் இருக்கக்கூடும். நாளைக் காலை அவரை அருகிலுள்ள பூங்காவுக்கு அழைத்துச் செல்லுங்கள். அங்கே நிற்பவர்கள் எந்த இனத்தவர் எனப் பார்க்கமாட்டார்கள். இடம் விட்டுச் சற்று நகர்ந்து நிற்பார்கள்.